மெஷினில் அப்படித்தான் காட்டுது

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது நான் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்வேன். அங்கே குளிர் அதிகம். வெட்டுகிறவர்களுக்கும் தைக்கிறவர்களுக்கும் அது தெரியாது. அவர்கள் விளக்கடியில் வேர்த்துக்கொண்டு நிற்பார்கள். மூலையில் ஒரு நாற்காலியில் திரையைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் கால் மரத்துப்போகும்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லச் சொன்னீர்கள். வரிசை எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் சந்தேகம். அந்தச் சிறுமியிடமிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அக்காவிடமிருந்து ஆரம்பித்தால் அனுதாபம் தேடுகிறேன் என்று தோன்றும். அதனால் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சரியா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பில் ஆபரேஷன் நடக்கும்போது நோயாளி மயக்கத்தில் இருப்பார். தண்டுவடம் நசுங்கினாலும் அவரால் ‘ஐயோ’ என்று சொல்ல முடியாது. அவருக்குப் பதிலாக அந்த ‘ஐயோ’வைச் சொல்வதற்குத்தான் நான். தலையில் சில ஊசிகள், கைகால் தசைகளில் சில ஊசிகள் குத்தி ஒயர்களை மெஷினில் சேர்ப்பேன். தலையில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் அது தண்டுவடம் வழியாக இறங்கிக் கால் தசையில் ஒரு துடிப்பாக வந்து சேரும். திரையில் அது அலையாகத் தெரியும். அலை உயரமாக இருந்தால் பாதை திறந்திருக்கிறது. அலை படுத்துவிட்டால் வழியில் எங்கோ ஏதோ அழுத்துகிறது. உடனே சொல்ல வேண்டும். சொன்னால் சர்ஜன் கையை நிறுத்தி, கடைசியாகச் செய்ததைத் தளர்த்துவார். பெரும்பாலும் அலை திரும்ப எழுந்துவிடும். ரொம்பத் தாமதித்தால் எழாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அலை படுப்பதற்குத் தண்டுவடம்தான் காரணம் என்று இல்லை. ஊசி நழுவியிருக்கலாம். மயக்க வாயு கூடியிருக்கலாம். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பின்னால் ஒரு கேள்வி நிற்கும்: இவன் சொல்வதை நம்பலாமா? மெஷின் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் கடைசியில் அந்த அறை நம்புவது மூலையில் இருப்பவனின் குரலைத்தான்.

அக்கா எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவள். பிறந்ததிலிருந்தே அவளுக்குச் சன்னமான குரல். என்னைத் திட்டும்போதுகூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. ஒரு லாரி டிரைவருக்கு முதுகில் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார் பெரிய டாக்டர். அலை விழுந்தது. அக்கா சொன்னாள். “ஏம்மா, மொதல்ல உன் ஒயரைப் பாரு” என்றார் அவர். ஒயரைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவர் அப்புறம் எழுந்து நிற்கவே இல்லை.

விசாரணையில் பெரிய டாக்டர், “அந்தப் பொண்ணு வாயையே திறக்கல” என்றார். மயக்க மருந்து கொடுக்கும் மேடமும் தலைமை நர்ஸும் ‘கவனிக்கவில்லை’ என்றார்கள். தொழில்நுட்பப் பணியாளர் எச்சரிக்கவில்லை என்று முடிவாயிற்று. அக்காவை அனுப்பிவிட்டார்கள். வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்டதை மடித்து அடுக்குகிறாள். அந்த விசாரணைக்கு அப்புறம் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வாள். “கதவைச் சாத்திட்டுப் போ. கதவைச் சாத்திட்டுப் போடா. கேட்டுச்சா?” பஸ்ஸில் டிக்கெட் கேட்டாலும் அப்படித்தான். ஜனங்கள் சிரிப்பார்கள்.

நான் அப்போது பகலில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருந்தேன். இந்தப் படிப்பை மாலை வகுப்பில் படித்தேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “வேற வேலையே இல்லையா உனக்கு? நான் பட்டது போதாதா?” என்றாள். நல்ல சம்பளம் என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு அவளே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் என் காலை நீட்டச் சொல்லி, ஊசி எந்தத் தசையில் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினாள். “குரலை உசத்திச் சொல்லணும்டா. மரியாதையெல்லாம் அப்புறம்” என்றாள்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். பெரிய டாக்டரின் தியேட்டரைக் கேட்டு வாங்கினேன். மற்றவர்களுக்கு அவரிடம் பயம், விட்டுக்கொடுத்துவிட்டார்கள். நான் யாருடைய தம்பி என்று அவருக்குத் தெரியாது. அக்கா அவருக்கு ‘ஏம்மா’. நான் ‘தம்பி’. எங்கள் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

கத்தியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் நான் இல்லை. என் ஆசை சின்னது. அக்காவுக்கு எப்படி நடந்ததோ அப்படியே மறுபடி நடக்க வேண்டும். எச்சரிக்கை வர வேண்டும், அவர் கேட்காமல் இருக்க வேண்டும். இந்தத் தடவை எச்சரித்த குரல் அறையில் இருக்கும் எல்லோர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் போதும், அக்காவின் பேரில் இருக்கும் பழி தானாகக் கழன்றுவிடும் என்று நினைத்தேன்.

எனக்கு ஏமாற்றம் காத்திருந்தது. நான் சேர்ந்த புதிதில், வயதான ஒருவருக்கு இடது கால் அலை நிஜமாகவே விழுந்தது. சொன்னேன். பெரிய டாக்டர் அந்த நொடியே கையை எடுத்துவிட்டார். திருகாணியைக் கழற்றி வேறு கோணத்தில் போட்டார். அலை எழுந்தது. “நல்லவேளை சொன்னே, தம்பி” என்றார். அந்தப் பெரியவர் சில நாளில் நடந்து வீட்டுக்குப் போனார்.

அதாவது, அவர் திருந்தியிருந்தார். டிரைவர் விஷயத்துக்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் நிறுத்திக் கேட்கிற ஆளாகியிருந்தார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அக்காவை மிதித்து அதன் மேல் ஏறி நின்று அவர் நல்லவராகிவிட்டார். அந்த நல்லதனத்தில் அக்காவுக்கு ஒரு பங்கும் இல்லை. அவருக்குப் பாடம், அவளுக்குத் துணிக்கடை. இதில் நியாயம் இருக்கிறதா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

எனவே நான் அவரைப் பழைய ஆளாக மாற்ற வேண்டியிருந்தது.

அது கஷ்டமான காரியம் இல்லை. பொறுமை வேண்டும். தலையில் கொடுக்கும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தால் கால் அலையும் குறையும். போர்வைக்கு அடியில் காலிலிருக்கும் ஊசியைத் துளியளவு வெளியே இழுத்தாலும் போதும். பிறகு தலையை நிமிர்த்தி, ஒரே மாதிரியான குரலில் சொல்வேன்: “சார், வலது கால் சிக்னல் விழுது. நிறுத்தணும்.” அல்லது இடது கால். வாக்கியத்தை நான் மாற்றவே இல்லை.

முதல் தடவை நிறுத்தினார். எல்லாவற்றையும் தளர்த்தினார். ரத்த அழுத்தத்தை ஏற்றினார்கள். நான் மின்சாரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். அலை எழுந்தது. “சரியாயிடுச்சு சார்.” அவருக்கு நிம்மதி. அடுத்த தடவையும் நிறுத்தினார். அதற்கடுத்த தடவை, முதுகைத் திறந்து வைத்திருக்கும்போதே நோயாளியைப் பாதி மயக்கத்தில் எழுப்பிக் காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் இரண்டு காலையும் உதறினாள்.

“என்னப்பா இது, ஓட்டப் பந்தயத்துக்கே அனுப்பலாம் போல இருக்கு. எதுக்குப்பா எங்க உயிரை வாங்குறே?” என்றார் பெரிய டாக்டர்.

“ஊசி நழுவியிருக்கும் சார். மன்னிச்சிருங்க.”

“ஊசி நழுவலாம். உனக்கு மூளை நழுவக் கூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகு அவ்வளவு நேரம் திறந்து கிடந்ததால் அந்த அம்மாளுக்குப் புண்ணில் சீழ் வைத்துவிட்டது. கொஞ்ச நாள் கூடுதலாகப் படுத்திருந்தாள். பிறகு சரியாகிவிட்டது. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் அக்கறை இல்லாதவன் இல்லை.

அதற்கப்புறம் எனக்கு ‘அலாரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “அலாரம் வந்தாச்சா? அப்ப ஆரம்பிக்கலாம்.” “டேய் அலாரம், இன்னிக்கு எத்தனை மணிக்கு அடிக்கப் போறே? சொன்னா அதுக்கு முன்னாடி டீ குடிச்சிடுவோம்.” பெரிய டாக்டருக்கு உதவியாக நிற்கும் சின்ன டாக்டர்தான் அதிகம் கிண்டல் செய்வார். தலைமை நர்ஸ் மட்டும் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏன் தம்பி, படிச்சதை ஒருவாட்டி திரும்பிப் பாரேன். எல்லார் முன்னாடியும் கேவலப்படுறியே” என்றார். நல்ல மனசு. அந்தப் பழைய விசாரணையில் ‘கவனிக்கவில்லை’ என்று சொன்னதும் இதே நல்ல மனசுதான்.

கம்பெனியில் என்னை எடுத்துவிடப் பார்த்தார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் பயந்துவிட்டேன். பெரிய டாக்டரே என்னைக் காப்பாற்றினார். “இருந்துட்டுப் போகட்டும்பா. பாவம், சின்னப் பையன். அவன் பாட்டுக்குக் கத்துவான், நான் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்” என்றாராம். அதைக் கேட்ட அன்று என் வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அவர் காதை நான் அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் மின்சாரத்தையோ ஊசியையோ தொட்டதே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிஜமான ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். முதுகெலும்பு சர்ஜனுக்கு என்றைக்காவது ஒன்று வந்தே தீரும். யாருக்கு வர வேண்டும் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை.

இனி அந்தச் சிறுமி.

அவளுக்கு முதுகு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு. வளைவின் இரண்டு பக்கமும் திருகாணிகள் போட்டு, கம்பி பொருத்தி, கம்பியைத் திருப்பி முதுகை நிமிர்த்துவார்கள். தண்டுவடத்துக்கு ஆபத்தான நேரம் அந்தத் திருப்பம்தான். காலையில் அவள் காலில் குறி போடப் போனேன். அவளுடைய அம்மா பையைக் கட்டிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

“அண்ணா, ஊசி வலிக்குமா?” என்றாள் சிறுமி.

“நீ தூங்கின பிறகுதான் குத்துவேன்.”

“அப்ப நீங்கதான் நான் தூங்கும்போது என் காலைப் பார்த்துக்குவீங்களா?”

“ஆமா.”

“அம்மா, கேட்டியா? காலுக்குன்னு தனி ஆளே இருக்காங்க. நீ சும்மா அழுதே” என்றாள். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் குறி போட்டு முடித்தேன். அவளுக்குப் பாதம் சின்னது. அன்று எதுவும் நடக்காமல் போனாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்பியைத் திருப்பினார்கள். முதுகு நிமிர்ந்தது. “அட, எவ்வளவு நேரா வந்துடுச்சு பாரு” என்றார் பெரிய டாக்டர். மின்சாரம் கொடுத்தேன். இரண்டு காலிலும் அலை பாதியாகக் குறைந்திருந்தது. மின்சார அளவைச் சரிபார்த்தேன். ஊசிகளைச் சரிபார்த்தேன். கையிலிருந்து வரும் அலை நன்றாக இருந்தது; ஆகவே மயக்க வாயு காரணம் இல்லை. முறைப்படி ஒன்றையும் விடவில்லை. பிறகு நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“சார், ரெண்டு கால் சிக்னலும் விழுது. நிறுத்தணும்.”

“அடிச்சிடுச்சா? நானும் இன்னும் காணோமேன்னு பார்த்தேன்” என்றார் சின்ன டாக்டர். பெரிய டாக்டர் சிரித்தபடி அடுத்த திருகாணியை இறுக்கினார்.

மறுபடி மின்சாரம். அலை இன்னும் இறங்கியது. மறுபடி சொன்னேன். அதே வாக்கியம், அதே குரல்.

“ஒயரைப் பாருடா அலாரம்” என்றார் பெரிய டாக்டர்.

“பார்த்துட்டேன் சார். ஒயர் சரியா இருக்கு.”

“அப்ப மெஷினைப் பாரு.”

அப்போது மயக்க மருந்து மேடம் தன் இடத்திலிருந்து எழுந்து என் பக்கம் வந்தார். அக்காவின் காலத்திலும் அதே இடத்தில் இருந்தவர் அவர். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “தம்பி, நிஜமாவா? நீ சொல்லு, நான் நிறுத்தச் சொல்றேன்” என்றார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் மறைக்கவில்லை. ‘ஆமாம் மேடம், இது நிஜம்’ என்று சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். ‘முன்னால் வந்தது எல்லாம் நான் செய்தது, இது மட்டும் நான் செய்யவில்லை’ என்று சொல்லியிருந்தால் எல்லோருமே நிறுத்தியிருப்பார்கள். கம்பியைத் தளர்த்த நேரம் இருந்தது. அலை முழுசாகப் போயிருக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும்.

“மெஷின்ல அப்படித்தான் காட்டுது மேடம்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பொய்யாக எச்சரித்த நாட்களிலும், யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் அதுதான். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது தடவையும் சொன்னேன், இன்னும் உரக்க. பெரிய டாக்டர் கடைசித் திருகாணியையும் இறுக்கினார். கொஞ்ச நேரத்தில் கால் அலைகள் இரண்டும் நேர்கோடாகிவிட்டன. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையல் போட ஆரம்பித்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் சின்ன டாக்டர், “காலை அசைம்மா, கண்ணு. எங்கே, கட்டை விரலை ஆட்டு பார்ப்போம்” என்றார். சிறுமி, “ஆட்டிட்டேனே” என்றாள்.

அவசரமாகத் திரும்ப உள்ளே கொண்டுபோய்க் கம்பியைக் கழற்றினார்கள். பலனில்லை.

விசாரணை நன்றாக நடந்தது. சின்ன டாக்டர், தலைமை நர்ஸ், மேடம் மூவரும், நான் மூன்று தடவை தெளிவாக எச்சரித்தேன் என்று சொன்னார்கள். மேடம் அழுதுவிட்டார். அழுதபடியே, யாரும் கேட்காமல், பழைய டிரைவர் விஷயத்தையும் சொன்னார். அந்தப் பெண்ணும் அன்று சொன்னாள், என் காதில் விழுந்தது, நான்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றார். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. பெரிய டாக்டர் இனிமேல் கத்தியைத் தொடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அக்காவின் மேல் தப்பில்லை என்றும் எழுதினார்கள்.

பெரிய டாக்டரை நடைபாதையில் பார்த்தேன். கோட்டு இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்னே. நான்தான் கேக்கல. அன்னிக்கு அந்த ரூம்ல ஒழுங்கா வேலை பார்த்தது நீ ஒருத்தன்தான்பா” என்றார்.

“சார், உங்ககிட்ட முன்னாடி ஒரு அம்மா இதே வேலை பார்த்தாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க ஏம்மான்னு கூப்பிடுவீங்க.”

“யாரு? சன்னமா பேசுமே, அந்தப் பொண்ணா?” அவர் கண் கலங்கியது. “அவளையும் நான்தான் கெடுத்தேன். தினம் நினைப்பேன்.”

அவர் நினைவில் வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் யார் என்று சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, சிறுமியின் ஆபரேஷனையும் தீர்ப்பையும் அக்காவிடம் சொன்னேன். அவர் கதை முடிந்தது, உன் பேர் சுத்தமாயிடுச்சு என்றேன். அவள் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அந்தப் பாப்பாவுக்குக் கால் வந்துச்சா?” என்றாள்.

“இல்லைக்கா.”

“அலை எப்பக் குறைஞ்சுது? கம்பி திருப்பினப்பவா?”

“ஆமா.”

“நீ எப்படிச் சொன்னே? அங்க சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டு.”

சொல்லிக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். இந்தத் தொழில் தெரிந்தவள் அல்லவா.

“அவ்வளவு சத்தமா சொல்லியும் நிறுத்தலைன்னா, அந்த ஆளுக்கு உன் பேச்சு பழகிப்போயிருக்கணும். அதுக்கு முன்னாடி எத்தனை தடவைடா பொய்யா சொன்னே?”

நான் அவளிடம் பொய் சொல்வதில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், இப்போது உங்களிடம் சொன்னது போலவே. மேடம் வந்து கேட்டதையும் சொன்னேன்.

“நானும்தான் சொன்னேன்” என்றாள் அக்கா. “அந்த ஆள் நிறுத்தணும்னு சொன்னேன். நீ நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கே.”

“உனக்காகத்தான்க்கா.”

“என் பேரை இதுல இழுக்காதே.”

அவ்வளவுதான் பேசினாள். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது. அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் எப்போதும் முறைப்படி நடப்பவள்.

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். அவர் காதை அடைத்தது நான். சிறுமியின் கால் போகிறது என்று தெரிந்தும், நிறுத்தக்கூடிய வார்த்தையைச் சொல்லாமல் நிறுத்தாத வார்த்தையைச் சொன்னதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். அன்று நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

ஒரு உதவி செய்ய வேண்டும். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வேலைக்குக் கூப்பிட்டு போன் வந்திருக்கிறது. பேசி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டாளாம். அவளுக்குக் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் நல்லதாகவே முடிந்திருக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.